ஆபரேஷன் பிள்ளைக்கு வயிற்றில் நல்ல கிருமி இருக்காதா?

பினாங்கு பாயான் லெப்பாஸிலிருந்து எழுதியிருக்கும் தங்கையின் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். குழந்தைக்குப் பத்து வாரம். தலை திரும்பாமல் பிட்டம் கீழே இருந்ததால், நாள் குறித்து ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு உறவுக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருக்கிறார். ஆபரேஷனில் பிறந்த பிள்ளைக்கு அம்மாவின் நல்ல கிருமி கிடைக்காதாம், எதிர்ப்புச் சக்தி வராதாம், ஆஸ்துமா நிச்சயமாம். இது உண்மையா, புரோபயாட்டிக் என்று விற்கும் நல்ல கிருமிச் சொட்டு வாங்கிக் கொடுக்கலாமா, அடுத்த பிள்ளையையாவது சுகப்பிரசவத்தில் பெற்றால் சரியாகுமா என்று கேட்கிறார். மூன்றையும் சேர்த்துப் படித்தால், எழுதாமல் விட்ட நான்காவது கேள்வி ஒன்று தெரிகிறது: என் பிள்ளைக்கு நானே கெடுதல் செய்துவிட்டேனா?

அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. பிட்டம் கீழே இருக்கும் குழந்தைகளைப் பற்றி 26 நாடுகளில் 2,088 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. திட்டமிட்ட ஆபரேஷனே குழந்தைக்குப் பாதுகாப்பு என்று அதில் தெரிந்தது. அதன் பிறகு சில விவாதங்கள் நடந்தாலும், உங்கள் டாக்டர் எடுத்த முடிவு உலகம் முழுக்க எடுக்கப்படும் முடிவுதான். அந்த நேரத்தில் குடல் கிருமியைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

நான் குழந்தை மருத்துவர் அல்ல. மருத்துவ நுண்ணுயிரியல் படித்துவிட்டு, பினாங்கில் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் நெடுநாள் வேலை பார்த்தவள். மலம், ரத்தம், சளி என்று வருவதைத் தட்டில் வளர்த்து, இன்ன கிருமி, இன்ன மருந்துக்குக் கேட்கும் என்று எழுதி அனுப்புவதுதான் பிழைப்பாக இருந்தது. ஆகவே கிருமிகளைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியதை உங்கள் டாக்டரும் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கக் கிளினிக்கின் மிஸ்ஸியும் (நர்ஸும்) தான் சொல்ல வேண்டும்.

வீடியோவில் சொன்னதில் பாதி உண்மை. பிறக்கும் முறைக்கு ஏற்பக் குழந்தையின் குடலில் முதல் சில மாதங்கள் இருக்கும் கிருமிகள் மாறுகின்றன. இதைப் பல நாடுகளில், பல முறைகளில், திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டார்கள். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வீடியோ பழைய கதையைச் சொல்கிறது. அதனால் பிள்ளைக்குப் பின்னால் நோய் வரும் என்று சொல்லும் இடத்தில், யாருக்கும் இன்னும் தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்கிறது.

கருப்பைக்குள்ளேயே கிருமிகள் குடியேறிவிடுகின்றன என்று பத்து வருடங்களுக்கு முன் ஒரு பேச்சு பலமாக இருந்தது. 2019இல் இங்கிலாந்தில் 500க்கும் மேற்பட்ட பெண்களின் நஞ்சுக்கொடியைச் சோதித்தவர்கள், அங்கே நிரந்தரக் குடியாக எதுவும் இல்லை, முன்பு கண்டதில் பெரும்பகுதி ஆய்வகத்து ரசாயனங்களில் ஒட்டிக்கொண்டிருந்த அசுத்தம் என்றார்கள். ஆய்வகத்தில் இருந்தவர்களுக்கு இது ஆச்சரியமான செய்தி அல்ல. மிகக் குறைந்த அளவு கிருமியைத் தேடும்போது, தேடுகிறவரின் கையுறையில் இருப்பதும் கணக்கில் வந்துவிடும். ஆகவே குழந்தை கிட்டத்தட்ட காலியான குடலோடு பிறக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். பனிக்குடம் உடைந்த நேரத்திலிருந்து கிருமிகள் ஏற ஆரம்பிக்கின்றன.

வீடியோக்காரர்கள் சொல்லும் கதை 2010இல் வந்த ஓர் ஆய்விலிருந்து பிறந்தது. வெனிசுவேலாவில், அமேசான் பகுதியில், 9 தாய்மாரையும் 10 குழந்தைகளையும் பிறந்த உடனேயே சோதித்தார்கள். சுகப்பிரசவத்தில் வந்த குழந்தைகளின் மேல் தாயின் பிறப்புவழியில் வாழும் லாக்டோபசிலஸ் போன்ற கிருமிகள் இருந்தன. ஆபரேஷனில் வந்தவற்றின் மேல் தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் வகையறா. பத்தே குழந்தைகள் என்றாலும் படம் தெளிவாக இருந்தது, சொல்வதற்கும் அழகாக இருந்தது. பிறப்புவழியில் வரும்போது அம்மாவின் கிருமியில் குளித்துக்கொண்டு வருகிறது குழந்தை என்ற பேச்சு அப்படித்தான் பத்திரிகைகளுக்குப் போனது. ஆனால் அது பிறந்த சில நிமிடங்களில் எடுத்த படம். மேலே ஒட்டியிருப்பதெல்லாம் உள்ளே போய்க் குடியேறும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

குடியேறுவதைப் பார்க்க வேண்டுமானால் மலத்தைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் வாரக்கணக்கில். 2019இல் பிரிட்டனில் 596 குழந்தைகளின் மலத்தை எடுத்து, கிருமிகளின் முழு மரபணுவையும் படித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் அவ்வளவு கவனமாகச் செய்த வேலைகள் சிலவே. சுகப்பிரசவக் குழந்தைகளின் குடலில் தாயின் பிறப்புவழி லாக்டோபசிலஸ் நிலைக்கவே இல்லை. நிலைத்தது தாயின் பெருங்குடலில் வாழும் கிருமிகள், முக்கியமாக பாக்டீரொய்டிஸ் குடும்பமும் பிஃபிடோபாக்டீரியமும். ஆபரேஷன் குழந்தைகளிடம் பாக்டீரொய்டிஸ் ஏறக்குறைய இல்லவே இல்லை. அந்த இடத்தில் என்டரோகாக்கஸ், கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர் என்று ஆஸ்பத்திரியில் சகஜமாகச் சுற்றும் கிருமிகள் இருந்தன. இப்படிப்பட்ட கிருமிகள் ஆபரேஷன் குழந்தைகளில் நூற்றுக்கு 83 பேரிடமும் சுகப்பிரசவக் குழந்தைகளில் நூற்றுக்கு 49 பேரிடமும் இருந்தன. இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். சுகமாகப் பிறந்தவர்களில் பாதிப் பேரிடமும் இவை இருந்தன. அவர்களிலும் பலரிடம் பாக்டீரொய்டிஸ் குறைவாகவே இருந்தது. அதை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை.

இந்த இரண்டு கிருமிக் கூட்டத்தையும் ஆய்வகத்தில் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு சட்டென்று புரியும். கிளெப்சியெல்லாவை இரவு தட்டில் தடவி வைத்தால் காலையில் வளர்ந்திருக்கும். ரோஸ் நிறத்தில், கொழகொழவென்று, பெரிய பெரிய மொட்டுகளாக. கம்பியால் தொட்டு எடுத்தால் வெண்டைக்காய்ச் சளி போல நூலாக இழுபடும். சின்க், கட்டில் கம்பி, கை என்று எங்கேயும் தாக்குப்பிடிக்கும். பாக்டீரொய்டிஸுக்கோ காற்று ஆகாது. தட்டில் தடவிய கையோடு, ஆக்ஸிஜனை உறிஞ்சும் பொட்டலம் போட்ட ஜாடிக்குள் வைத்து இறுக மூட வேண்டும். இரண்டு நாள் திறக்கக் கூடாது. நடுவில் யாராவது ஆசைப்பட்டுத் திறந்து பார்த்தால் வேலை கெட்டது. இரண்டு நாள் கழித்துச் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள், மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய வாடையோடு. இப்படிப்பட்ட கிருமி கை வழியாகவோ துணி வழியாகவோ லேசில் வந்து சேராது. அம்மாவின் குடலிலிருந்து குழந்தையின் வாய்க்குக் கிட்டத்தில், சீக்கிரத்தில் போக வேண்டும்.

சுகப்பிரசவத்தில் அந்தக் கிட்டம் தானாகவே அமைகிறது. சங்கடப்படாமல் சொல்கிறேன். பிரசவ நேரத்தில் முக்கும்போது தாய்க்குக் கொஞ்சம் மலம் வெளியேறுவது சாதாரணம். தலை வெளியே வரும் இடத்துக்கும் ஆசனவாய்க்கும் சில விரற்கடை தூரம்தான். மிஸ்ஸிமார்கள் துடைத்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி வேலையைத் தொடர்வார்கள். பெண்கள் வெட்கப்படும் அந்த விஷயம்தான் பாக்டீரொய்டிஸ் கைமாறும் வழி. பின்லாந்தில் 1999லேயே, மரபணுவெல்லாம் படிக்காமல் வெறும் தட்டில் வளர்த்தே, ஆபரேஷன் குழந்தைகளிடம் இந்தக் கிருமி ஆறு மாதம் வரை குறைவாக இருப்பதைக் காட்டியிருந்தார்கள்.

இதை இவ்வளவு இழுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறப்புவழித் திரவத்தைத் துணியில் எடுத்து, ஆபரேஷனில் பிறந்த குழந்தையின் வாயிலும் முகத்திலும் உடம்பிலும் தடவும் ஒரு முறை இருக்கிறது. அடுத்த பிள்ளைக்கு உங்களிடமும் யாராவது சொல்வார்கள். 2016இல் அதைச் சோதித்தபோது தடவப்பட்டவை 4 குழந்தைகள். கொஞ்சம் மாற்றம் தெரிந்தது என்றார்கள். பிறகு நியூசிலாந்தில், அதே திரவத்தை வாய்வழியாகக் கொடுத்தும் வெறும் நீரைக் கொடுத்தும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டார்கள். குடல் கிருமிகளில் வித்தியாசம் ஏதும் ஏற்படவில்லை. 2023இல் சீனாவில் நடந்த சிறிய ஆய்வொன்று, தடவிய குழந்தைகள் ஆறு மாதத்தில் வளர்ச்சித் தேர்வில் சற்று மேலாக இருந்ததாகச் சொல்கிறது. இன்னும் பெரிய அளவில் யாராவது செய்து காட்டும்வரை நான் அதை ஒரு பக்கம் வைத்திருப்பேன். தேவையான கிருமி குடலில் இருக்கும்போது வேறிடத்தில் துடைத்து எடுத்துப் பயன் என்ன என்பதே என் நினைப்பு.

குடலிலிருந்தே எடுத்தால்? அதையும் ஹெல்சின்கியில் செய்திருக்கிறார்கள். 2020இல் வந்த ஆய்வு. தாயின் மலத்தைச் சுத்திகரித்து, துளியளவு, முதல் பாலோடு கலந்து கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளின் குடல் சில வாரங்களில் சுகப்பிரசவக் குழந்தைகளுடையதைப் போல மாறியது. ஆக, வழி எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. ஆனால் சேர்ந்தவர்கள் 17 தாய்மார். நோய்க்கிருமிச் சோதனைகளையெல்லாம் தாண்டி கடைசியில் செய்யப்பட்டது 7 பேருக்கு மட்டும். நல்ல ஆரோக்கியமாக நடமாடும் பெண்களிலேயே இவ்வளவு பேர் கழிக்கப்பட்டார்கள் என்றால், இதை வீட்டில் யாராவது செய்து பார்த்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. துணியில் தடவுவதிலும் இதே ஆபத்து உண்டு. பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஹெர்பிஸ் போன்றவை தாய்க்கு எந்தத் தொந்தரவும் தராமல் இருந்து, பச்சிளம் பிள்ளையைப் படுக்கையில் தள்ளிவிடும். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி 2017லேயே ஆய்வுக்கு வெளியே இதைச் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டது.

ஆபரேஷன் என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். அதற்குள் பல விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. கத்தி வைப்பதற்கு முன் தாய்க்கு ஆன்டிபயாட்டிக் ஊசி. தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில் கூடுதலாக இரண்டு மூன்று நாள். வலியில் திரும்பிப் படுக்க முடியாததால் பால் கொடுக்கத் தாமதம். அந்த இடைவெளியில் புட்டிப்பால். இவற்றில் எது எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கடினம். ஊசியை மட்டும் ஓரளவு பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் ஒரு குழுவில் தொப்புள்கொடியைக் கட்டிய பிறகே தாய்க்கு ஊசி போட்டார்கள். கொடி வழியாக மருந்து குழந்தைக்குப் போகவே இல்லை. அப்போதும் ஆபரேஷன் குழந்தைகளின் குடல் வேறாகத்தான் இருந்தது. ஆகவே அந்த ஊசியை வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். தாயின் தையலில் சீழ் வைக்காமல் காப்பது அது.

இனி, உங்கள் பிள்ளைக்கு இப்போது பத்து வாரம் என்பதற்கு வருவோம். எஸ்டேட்டில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள், காட்டை வெட்டிச் சுத்தம் செய்த நிலத்தில் முதலில் கிளம்புவது லாலாங் புல்தான். மரம் வளர்ந்து நிழல் விழுந்ததும் அது தானாக அடங்கும். குடலிலும் ஏறக்குறைய அதுவே நடக்கிறது. பிரிட்டன் ஆய்வில் ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் இரண்டு வகைக் குழந்தைகளும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டார்கள். பாக்டீரொய்டிஸ் மட்டும் சிலரிடம் பின்தங்கியிருந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 903 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த இன்னோர் ஆய்வில், முதல் ஆண்டில் குடல் கிருமிகளை மிக அதிகமாகத் தீர்மானித்தது தாய்ப்பால். எப்படிப் பிறந்தது என்பது அதற்குப் பின்னால்தான் வந்தது.

தாய்ப்பாலில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதுதான் இந்த விஷயத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி. லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாகப் பாலில் அதிகம் இருக்கும் திடப்பொருள் ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகள். லிட்டருக்குப் பத்து கிராம் அளவில் இருக்கும், சீம்பாலில் அதைவிட அதிகம். வேடிக்கை என்னவென்றால் குழந்தையால் இவற்றைச் செரிக்க முடியாது. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே இவற்றைத் தின்று வாழத் தெரிந்த கிருமிகளில் முதல் வரிசையில் நிற்பவை பிஃபிடோபாக்டீரியம் குடும்பத்தில் சில. அவை தின்று அமிலம் விடுகின்றன. அமிலத்தில் கிளெப்சியெல்லா போன்றவற்றுக்குச் சௌகரியம் குறைகிறது. பாரிஸில் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹென்றி டிசியே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் இந்தக் கவட்டை வடிவக் கிருமியை முதலில் கண்டு எழுதியது 1899 வாக்கில். அம்மாவின் உடம்பு, பிள்ளைக்குப் பயன்படாத ஓர் உணவை, பிள்ளையின் வயிற்றில் குடியிருக்கப் போகும் கிருமிக்காகவே தயாரிக்கிறது. எத்தனை முறை படித்தாலும் இது எனக்கு அலுப்பதில்லை.

பாலிலேயே கிருமிகளும் இருக்கின்றன, தாயின் தோலிலிருந்தும் வருகின்றன. 2023இல் நெதர்லாந்தில் 120 தாய்-சேய் ஜோடிகளைச் சோதித்தபோது, ஆபரேஷன் குழந்தைகளுக்குத் தாயின் குடலிலிருந்து வரும் பங்கு குறைந்திருந்தது, பாலிலிருந்து வரும் பங்கு கூடியிருந்தது. ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி ஓரளவு ஈடு செய்கிறது. நீங்கள் தாய்ப்பாலும் புட்டிப்பாலும் கலந்து கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் தாய்ப்பாலின் பங்கை இன்னும் கூட்ட முடியுமா என்று கிளினிக்கில் பாலூட்டல் ஆலோசனை தரும் மிஸ்ஸியிடம் ஒருமுறை கேளுங்கள். பத்து வாரத்திலும் கூட்டலாம். முடியவில்லை என்றால் அதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். கலந்து கொடுக்கும் பிள்ளைக்கும் அந்தச் சர்க்கரை போய்க்கொண்டுதான் இருக்கிறது.

ஆஸ்துமா விஷயத்துக்கு வருகிறேன். 80 ஆய்வுகளை, ஏறத்தாழ 3 கோடிப் பேரின் தகவலை, 2018இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். ஆபரேஷனில் பிறந்தவர்களுக்குப் பன்னிரண்டு வயதுக்குள் ஆஸ்துமா வரும் வாய்ப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்று வந்தது. பயமாகத்தான் இருக்கும். உதாரணத்துக்கு ஓர் ஊரில் நூறு பிள்ளைகளில் பத்துப் பேருக்கு ஆஸ்துமா வருகிறது என்று வைத்தால், எல்லாருமே ஆபரேஷனில் பிறந்திருந்தால் அது பன்னிரண்டு ஆகும். மீதி எண்பத்தெட்டுப் பேருக்கு வராது. அந்த இரண்டு பேருக்கும் ஆபரேஷன்தான் காரணமா என்பதும் நிச்சயமில்லை. ஆபரேஷன் செய்துகொள்ளும் தாய்மாரில் உடல் எடை கூடியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் அதிகம். நம் மக்களிடையே நீரிழிவு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பிள்ளையின் உடல்நிலையை அதுவும் பாதிக்கும். உடல் பருமன் விஷயத்தில் சுவீடனில் பதினெட்டு வயதான 97,000 இளைஞர்களை எடுத்து, தாயின் எடையையும் மற்றவற்றையும் கணக்கில் சேர்த்தபோது, ஆபரேஷனுக்கும் பருமனுக்கும் இருந்ததாகச் சொல்லப்பட்ட தொடர்பு கரைந்துபோனது.

கிருமிக்கும் ஆஸ்துமாவுக்கும் நேரடியாக முடிச்சுப் போட்ட ஆய்வு கோபன்ஹேகனில் 700 குழந்தைகளை வைத்து நடந்தது, 2020இல் வந்தது. ஆபரேஷனில் பிறந்து, ஒரு வயதிலும் குடல் கிருமிகள் தேறாமல் பழைய மாதிரியே இருந்த குழந்தைகளுக்குத்தான் ஆறு வயதில் ஆஸ்துமா அதிகம் இருந்தது. ஒரு வயதுக்குள் தேறியவர்களிடம் அந்தக் கூடுதல் தெரியவில்லை. இது உறுதியான முடிவு என்று நான் சொல்லமாட்டேன், ஒரே இடத்து ஆய்வு. ஆனால் இருப்பதில் பொருள் உள்ளதாக எனக்குப் படுவது இதுதான்: பிறந்த அன்று நடந்ததைவிட, அடுத்த பன்னிரண்டு மாதம் கவனிக்கத் தக்கது.

அந்தப் பன்னிரண்டு மாதத்தில் நம் வீடுகளில் நடப்பதைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் வைப்பது, சேனை வைப்பது என்பார்கள், இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை, பெரியவர்கள் குடலில் ஒன்றும் செய்யாமல் போய்விடும். குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கும். உரைமருந்தும் அப்படித்தான் யோசிக்க வேண்டிய ஒன்று. வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் என்று லிட்டில் இந்தியாவில் பொட்டலமாக வாங்கிவந்து, கல்லில் இரண்டு உரை உரைத்துக் கொடுப்பார்கள். மருந்தைவிட அந்தக் கல்லும் தண்ணீரும்தான் என் கவலை. ஈரத்தோடு அலமாரியில் கிடக்கும் கல்லில் என்னென்ன வளரும் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆறு மாதம் வரை பாலைத் தவிர வேறு எதுவும் உள்ளே போகாமல் இருப்பது நல்லது. மாமியாரிடம் நேராக மறுத்துப் பேச முடியாது என்றால், கிளினிக்கில் வேண்டாம் என்று சொன்னார்கள் என்று சொல்லுங்கள். மிஸ்ஸியின் பேச்சுக்கு நம் வீடுகளில் தனி மரியாதை உண்டு.

பத்தியம் இருக்கும்போது உங்களுக்குக் கொடுக்கும் பூண்டைத் தாராளமாகச் சாப்பிடலாம். தண்ணீர் குடிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். அப்புறம், ஆன்டிபயாட்டிக். சாதாரணச் சளிக்கு, மூக்கொழுகலுக்கு, பாட்டில் கையில் வந்தால் இது அவசியம்தானா என்று டாக்டரிடம் கேட்கத் தயங்காதீர்கள். சளிக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம், அந்த மருந்து அதற்குக் கேட்காது, குடலில் தேறிக்கொண்டிருக்கும் கிருமிகளை மட்டும் கலைக்கும். ஆனால் மூன்று மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கதை வேறு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே ஊசி போடச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள். அப்போது கிருமிகளைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

புரோபயாட்டிக் சொட்டு கேட்டிருந்தீர்கள். நிறைமாதத்தில் பிறந்த, ஆரோக்கியமான குழந்தைக்கு அதனால் பெரிய ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை. பயன் இருப்பதாகவும் நம்பும்படி யாரும் காட்டவில்லை. கடையில் விற்பவற்றில் பெரும்பாலும் லாக்டோபசிலஸ் அல்லது பிஃபிடோபாக்டீரியம் வகை இருக்கும். உங்கள் பிள்ளையிடம் குறைந்திருக்கக்கூடிய பாக்டீரொய்டிஸ், மேலே சொன்ன மாதிரி காற்றில் வளராத சாதி. அது அந்தச் சொட்டில் இருக்காது. கொடுப்பதை நிறுத்தினால் கொடுத்த கிருமியும் பெரும்பாலும் மறைந்துவிடும். குறைமாதக் குழந்தைகளுக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. அப்படி ஒரு குழந்தை இறந்த பிறகு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 அக்டோபரில் எச்சரிக்கை விடுத்தது. குழந்தையின் மலத்தை அனுப்பினால் கிருமிப் பட்டியல் தருகிறோம் என்று சொல்லும் சோதனைகளுக்கும் பணம் கொடுக்காதீர்கள். பட்டியல் வரும். பத்து வாரக் குழந்தைக்கு எது சரியான அளவு என்று நிர்ணயித்தவர் யாரும் இல்லை, அதனால் அதைப் பார்த்து எந்த டாக்டரும் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

அடுத்த பிரசவம். ஒரு முறை ஆபரேஷன் ஆனவர்கள் சுகப்பிரசவத்துக்கு முயன்றால், சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் நாலில் மூன்று பேருக்கு அமைகிறது. பழைய தையல் பிரிந்துபோகும் ஆபத்து சுமார் 200இல் ஒன்று. ஆபரேஷன்கள் கூடக்கூட நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொண்டு பிரியாமல் ரத்தம் போகும் ஆபத்து ஏறுகிறது. இவைதான் உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டியவை. எத்தனை பிள்ளை வேண்டும் என்று நீங்களும் உங்கள் கணவரும் நினைத்திருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதை வைத்துக் கணக்கு மாறும். குடல் கிருமியை இந்தக் கணக்கில் ஒரு காரணமாக வைக்காதீர்கள். இப்போதிருக்கும் அறிவில் அதற்கு அவ்வளவு எடை கிடையாது.

கடைசியில் ஒரு வரியில், குழந்தை நாலு நாளாக மலம் போகவில்லை, இதுவும் கிருமி இல்லாததாலா என்று கேட்டிருந்தீர்கள். ஆறு வாரம் தாண்டிய, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இது சகஜம், கலந்து கொடுக்கும்போதும் சில குழந்தைகள் இப்படி இருப்பார்கள். போகும்போது இளக்கமாகப் போனால், பால் நன்றாகக் குடித்தால், எடை ஏறினால், சிறுநீர் வழக்கம்போல் போனால் காத்திருக்கலாம். வயிறு உப்பி இறுகினால், பச்சையாக வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் கண்டால் அன்றைக்கே காட்டுங்கள். மலம் வெளிறி, சுண்ணாம்பு மாதிரி இருந்தால் அதையும் தள்ளிப்போடாதீர்கள். அது கல்லீரலில் பித்தக் குழாய் அடைப்பின் அடையாளமாக இருக்கலாம். அதற்குரிய ஆபரேஷன் எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவு பலன். பிள்ளைக்கு இன்னும் கண்ணில் மஞ்சள் தெரிகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் வைத்து ஒருமுறை பாருங்கள். தெரிந்தால் நாளைக்கே கிளினிக்குக்குப் போய் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.